பதினொரு வெள்ளை உறைகள்

தேர்தலன்று, மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் ஆக்னஸ் அக்காவின் தபால் வாக்கை நான் பிரித்தபோது காலை ஒன்பது இருபது. எதிர்ச்சுவரில் ஒரு பெரிய கடிகாரம் மாட்டியிருந்ததால் நேரம் மறக்கவில்லை. வெளி உறையின் வாயை இயந்திரம் ஏற்கெனவே அறுத்துத் தந்திருந்தது. மேலே அந்தக் கோணல்மாணல் கையெழுத்து, செர்ரித் தெரு முகவரி. என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி. நம்ம அக்கா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டேன். வெள்ளை உறை இல்லை. வாக்குச்சீட்டு மட்டும் மூன்றாக மடிக்கப்பட்டு, மடிப்பில் கொஞ்சம் மாவு ஒட்டிக்கொண்டு, வெறுமனே கிடந்தது.

எங்கள் பக்கத்தில் தபால் வாக்குக்கு இரண்டு உறை. சீட்டை நிரப்பி முதலில் வெள்ளை உறைக்குள் போட்டு ஒட்ட வேண்டும். அந்த வெள்ளை உறையை வெளி உறைக்குள் போட்டு, வெளியே கையெழுத்துப் போட வேண்டும். பிரிக்கிறவருக்கு யார் யாருக்குப் போட்டார் என்று தெரியக்கூடாதாம், அதற்காக இந்த ஏற்பாடு. வெள்ளை உறை இல்லாமல் வந்த சீட்டு செல்லாது. எண்ணவே மாட்டார்கள். அதைப் போடுவதற்கென்று மேசை ஓரத்தில் ஒரு நீலத் தட்டு இருந்தது. மூன்று நாள் பயிற்சியில் அந்தத் தட்டைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினார்கள். நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன்.

மேசைக்கு இரண்டு பேர், கட்சிக்கு ஒருவர். என் ஜோடி ராய்ஸ் ஹார்பா, பூட்டுச் சாவி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேயர் பிரிங்கரின் தேர்தல் பலகையைத் தன் வீட்டுப் புல்வெளியில் நட்டு வைத்திருக்கிறவர். இருந்தாலும் காலையில் வந்ததும் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்ட மனிதர். நான் ஆக்னஸ் அக்காவின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்ததைப் பார்த்து, நீலத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். போட்டேன். வேறென்ன செய்ய?

எனக்கு அரசியல் எல்லாம் கிடையாது. ஹாலம்பர்க்கில் எந்த மேயர் வந்தாலும் ரோட்டுக் குழி அப்படியேதான் இருக்கும் என்று நம்புகிற ஜாதி நான். ஆனால் என் வீட்டுக்காரர் மிலன் இரும்பாலை உலையில் முப்பத்தொரு வருஷம் நின்றவர். அந்த உலை போய்விட்டது, அதன் புகை மட்டும் அவர் நுரையீரலில் தங்கிவிட்டது. போன வசந்தத்தில் ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது மூச்சு அடைத்து முகம் நீலம் பாய்ந்துவிட்டது. நாலாம் நம்பர் தீயணைப்பு நிலையத்தில் இருந்து ஆம்புலன்ஸ் நாலே நிமிஷத்தில் வந்தது. ஐந்தாவது நிமிஷம் ஆகியிருந்தால் நான் அன்றே விதவை என்று டாக்டரே சொன்னார். அந்த நிலையத்தைத்தான் வருகிற பிப்ரவரியில் மூடப்போகிறேன் என்று பிரிங்கர் சொன்னார். அப்புறம் எங்கள் பேட்டைக்கு ஆம்புலன்ஸ் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து வர வேண்டும். தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒரு மைல், ஒன்றரை மைல் நீளத்துக்கு வந்து, குறுக்கே படுத்துவிட்டால் அரை மணியோ முக்கால் மணியோ அசையாது. கேட்பாரும் இல்லை, கேட்டால் பதில் சொல்வாரும் இல்லை. எதிர்த்து நின்ற ரமோனா டில்லி, நர்ஸாக இருந்தவள், அந்த நிலையத்தை மூடவிட மாட்டேன் என்று எங்கள் சர்ச்சுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். நாலு நிமிஷம், அவ்வளவுதான் என் அரசியல்.

வாக்குச்சாவடியை இந்த முறை தண்டவாளம் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமைதோறும் உருளைக்கிழங்கு வைத்த பிரோகிக் கொழுக்கட்டை மடிக்கிற பெண்கள் என்னைத் தவிர பதினான்கு பேர். எழுபத்தைந்துக்குக் கீழே யாரும் இல்லை, அறுபத்தாறு வயசு நான்தான் அங்கே குட்டி. குளிரில், இந்த முழங்கால்களை வைத்துக்கொண்டு, யார் தண்டவாளம் தாண்டிப் போவார்கள்? எல்லோருக்கும் தபால் வாக்கு வாங்கித் தருகிறேன் என்று நான்தான் கிளம்பினேன். விண்ணப்பம் நிரப்பியது நான், போன் போட்டு நச்சரித்தது நான். மிலன் அப்போதே சொன்னார், "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறியேடி."

அக்டோபர் கடைசி வியாழன் எல்லோரும் உறைகளோடு வந்தார்கள். மாவு மேசையைத் துடைத்து, உட்காரவைத்து, எந்த உறைக்குள் எந்த உறை என்று இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்வதற்குள் அடுப்பில் தண்ணீர் பொங்கியது. ஓடினேன். முதுகுக்குப் பின்னால் ஆக்னஸ் அக்கா பேசியது காதில் விழுந்தது. "எவ்வளவு கெட்டியான கவர் பாருங்கடி. ஓரத்துல பசை வேற. இதைப் போய் கவருக்குள்ள கவரா போடச் சொல்றானே, அரசாங்கத்துக்குக் கொழுப்பு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் பிரோகியைக் கரண்டியால் தள்ளிவிட்டுக்கொண்டே சிரித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் ஊர்வலம் போல மூலையில் இருந்த தபால் பெட்டிக்குப் போனோம். அடுத்தவர் வாக்கைத் தொடக்கூடாது என்பதால் அவரவர் கையாலேயே போட்டார்கள். நான் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பெரிய சாதனை செய்தவள் மாதிரி.

அந்தச் சிரிப்பு எனக்கு மூன்றாவது உறையில்தான் நினைவுக்கு வந்தது. லுட்மிலாவுடையது. அதிலும் வெள்ளை உறை இல்லை. எல்லாம் ஒரே பெட்டியில் ஒரே நாளில் விழுந்தவை, அதனால் ஒரே கட்டாக அடுத்தடுத்து வந்தன. நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொன்றிலும் கையை விடும்போது இருக்கட்டும் இருக்கட்டும் என்று வாய்க்குள் முனகினேன். ஸ்டெஃபானியாவுடையதில் இருந்தது. வெரோனாவுடையதில் இல்லை. பதினொன்று வரைக்கும் போய் நின்றது. பதினாலில் பதினொன்று! மிலனும் அன்றே அதே பெட்டியில் போட்டிருந்தார், அவருடைய உறையும் அதே கட்டோடு வந்தது. அதில் எல்லாம் ஒழுங்கு, வீட்டில் அவர் பக்கத்தில் நின்று நானே ஒட்டவைத்தேன். என் புருஷனுக்கு மட்டும் நின்று பார்த்தவள், அவர்களுக்கு நின்று பார்க்கவில்லையே.

ஆனால் வழி இல்லாமல் இல்லை, அதுதான் கொடுமை. தபால் வாக்கு செல்லாமல் போனவர் அன்று இரவு எட்டு மணிக்குள் வாக்குச்சாவடிக்கு நேரில் போனால் தற்காலிகச் சீட்டு ஒன்று கொடுப்பார்கள். அதைப் பிறகு சரிபார்த்து எண்ணுவார்கள். மணி பத்தேகால். கிட்டத்தட்டப் பத்து மணி நேரம் கையில் இருக்கிறது. ஒரே ஒரு போன் போதும், ஆக்னஸ் அக்கா மற்ற பத்துப் பேரையும் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். என் போன் வாசலில் நம்பர் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்தது. வாக்குப்பதிவு முடியும் வரை உள்ளே பார்த்ததைச் சொல்ல மாட்டோம் என்று பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்து உள்ளே வந்தவர்கள் நாங்கள். எட்டு மணி வரைக்கும் யாரும் வெளியே போகக்கூடாது, கழிப்பறைக்குக்கூடக் காவலர் துணையோடுதான்.

மேற்பார்வையாளர் ஒரு சின்னப் பெண், கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் தூக்கமில்லாத வீக்கம். அவளிடம் போய், இவர்களுக்கு யாராவது தகவல் சொல்லலாமே, நேரம் இருக்கிறதே என்றேன். பெயர் எதுவும் சொல்லவில்லை.

"சில மாவட்டத்துல சொல்றாங்கம்மா," என்றாள். "நம்ம மாவட்டத்துல சொல்ல வேண்டாம்னு போன மாசம் கமிட்டி முடிவு பண்ணிடுச்சு. ஓட்டெடுப்புல ரெண்டுக்கு ஒண்ணு. என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க."

"சொன்னா என்னம்மா குறைஞ்சிடும்?"

"என் வேலை குறைஞ்சிடும்," என்றாள். திமிராகச் சொல்லவில்லை, பாவம், நிஜமாகவே பயந்து சொன்னாள். நான் மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்துவிடலாமா என்று யோசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு மணி நேரம் அதையேதான் யோசித்தேன். எந்தப் பக்கம் சாய்வது, கண்ணை மூடுவதா திறந்து வைப்பதா என்றெல்லாம். ஆனால் ஆம்புலன்ஸ் வந்தால் கூடவே காவலரும் ஏறுவார். ஆஸ்பத்திரியில் வயரை மாட்டிப் படுக்கவைத்துவிட்டால் எட்டு மணிக்கு அங்கேதான் கிடப்பேன். போதாக்குறைக்கு அந்த வண்டி நாலாம் நம்பர் வண்டியாக இருந்து, அதே நேரம் மிலனுக்கு மூச்சு அடைத்தால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். மென்று விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அடுத்த கட்டை இழுத்துப் பிரித்தேன்.

மதியம் ரொட்டி வந்தது. சாப்பாட்டு அறை இரண்டாவது மாடி, ஜன்னல் திறக்காது. கீழே, சட்டப்படி விடவேண்டிய தூரத்துக்கு அப்பால், நடைபாதையில் ரமோனா டில்லி நின்றுகொண்டிருந்தாள். பச்சைக் குல்லாய், கையில் தன் பெயர் போட்ட பலகை, போகிற கார்களுக்கெல்லாம் கை அசைத்தாள். பாதிப் பேர் ஹாரன் அடித்தார்கள், பாதிப் பேர் அடிக்கவில்லை. ஒரு தரம் நிமிர்ந்து எங்கள் கட்டடத்தையும் பார்த்துக் கை அசைத்தாள். நான் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். அவளுக்கு என்ன தெரியும், யாரோ ஒரு கிழவி ஆசீர்வாதம் பண்ணுகிறாள் என்று நினைத்திருப்பாள். சந்தோஷமாக இன்னொரு தரம் அசைத்தாள்.

ராய்ஸ் என் பக்கத்தில் வந்து நின்றார். வாயில் இருந்ததை மென்று முடித்தார்.

"அந்தப் பதினொண்ணும் உங்க சர்ச்சு ஆளுங்களா?"

நான் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தேன். சத்தியம் சத்தியம்தான்.

"என் ஆளுங்களா இருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சுப் பாத்தேன், பெர்னிம்மா. இதேதான். கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்." தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். அந்த ஆளைத் திட்டுவதற்குக்கூட எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

எட்டு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். மறுநாள் காலை ரேடியோவில் சொன்னார்கள். பிரிங்கர் ஒன்பது வாக்கில் ஜெயித்துவிட்டார். ஒன்பது. நான் சமையலறையில் நின்று விரலை மடக்கி எண்ணினேன், பதினொன்றில் ஒன்பது போனால் இரண்டு என்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. மிலனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இனி மறைக்க என்ன இருக்கிறது? அவர் முதலில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரமாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அந்தக் கிழவிங்ககிட்ட சொல்லித் தொலைச்சிடாத. ஒருத்தியும் தூங்க மாட்டா."

"உங்களுக்குக் கோபம் வரலையா?"

"யார் மேல வர?" என்றார்.

அடுத்த வியாழன் சர்ச்சில் விதை மாற்றிக்கொள்கிற நாள். வருஷா வருஷம் நவம்பரில், தோட்டம் எல்லாம் பனியில் கருகியபின், அவரவர் எடுத்துவைத்த விதைகளைக் கொண்டுவந்து பங்கு போட்டுக்கொள்வோம். தக்காளி, பட்டைப் பீன்ஸ், கசகசா, வெள்ளரி. எப்போதும் பழைய மின்கட்டண உறையிலோ மளிகைச் சீட்டை மடித்தோதான் வரும், வீட்டுக்குப் போவதற்குள் பாதி விதை பையில் கொட்டிவிடும். இந்த வருஷம் மேசையில் அழகாக, வரிசையாக, ஒரே அளவில் வெள்ளை உறைகள். எண்ண வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் எண்ணினேன். ஒரு பக்கத்தில் "அதிகாரபூர்வ வாக்குச்சீட்டு" என்ற அச்சு. திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் பென்சிலால் "பெரிய தக்காளி", "வெரோனா வீட்டு பீன்ஸ்". ஆக்னஸ் அக்கா ஒன்றை என் கையில் திணித்தாள். உள்ளே கசகசா சரசரவென்று ஓடியது.

"கவர் எப்படி? பொட்டு விதை வெளிய வராது," என்றாள். முகமெல்லாம் பெருமை. "அன்னைக்கு நான்தான் எல்லாருக்கும் சொன்னேன், ஓட்டுதான் உள்ள இருக்குல்ல, ஒரு கவர் போதாதான்னு. நீ அடுப்புகிட்ட இருந்த."

நான் உறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அக்காவே தேர்தலுக்குப் போய்விட்டாள். நம்ம பேட்டையே திரண்டு போட்டும் ஒன்பதே ஒன்பது ஓட்டில் போய்விட்டதே என்று மாவுக்கையைத் தட்டினாள். வீட்டில் குறட்டை விட்டுத் தூங்கிய அந்த ஒன்பது பேர் யாரோ, அவர்கள் நல்லாயிருப்பார்களா, கடைசிக் காலத்தில் அவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்குமா என்று சபித்தாள். லுட்மிலா ஆமென் என்றாள். வெரோனாவும் ஆமென் என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் ஆமென் என்றேன், கடவுள் மன்னிக்கட்டும். பிறகு உருளைக்கிழங்கு மசித்தோம்.

பிப்ரவரி முதல் வாரம் நாலாம் நம்பர் நிலையத்தைப் பூட்டினார்கள். பிரிங்கர் சொன்னதைச் செய்கிற ஆள், அதில் குறை சொல்ல முடியாது. நகரசபைக் கூட்டத்துக்குப் போய் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசினோம், நானும் பேசினேன். நன்றி அம்மா, அடுத்தவர் என்றார்கள். ரமோனா ஒரு மனு எழுதினாள், கையெழுத்து வாங்கினோம், அது எங்கே போனதோ. ரயில்வேக்கு நான் எழுதிய கடிதத்துக்கு அழகான தாளில் பதில் வந்தது, எங்கள் கருத்தை மதிக்கிறார்களாம். நிலையத்தின் கதவில் பலகை அடித்த அன்று மிலன் வாசலில் உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது வந்து சாப்பிட்டார்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். அவருக்கு மூச்சு இழுத்தது. முதலில் வழக்கமான இழுப்பு என்றுதான் நினைத்தேன். மருந்தை உறிஞ்சவைத்தேன், முதுகைத் தேய்த்தேன். உதடு நிறம் மாறியபோது போனை எடுத்தேன். வண்டி கிளம்பிவிட்டது அம்மா, கதவைத் திறந்து வையுங்கள் என்று ஒரு நல்ல குரல் சொன்னது. திறந்து வைத்தேன். அந்த நேரத்தில் தண்டவாளப் பக்கமிருந்து இரும்பு உரசுகிற சத்தம், அப்புறம் பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லை என்னவென்று செர்ரித் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

திறந்து கிடந்த கதவை ஜன்னலில் பார்த்துவிட்டு ஆக்னஸ் அக்கா ஏப்ரனோடு ஓடிவந்தாள், எண்பத்து மூன்று வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. சமையலறை நாற்காலியில் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்த மிலனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மெதுவா மெதுவா என்று அவருக்குச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள், கண்ணெல்லாம் தண்ணீர்.

"எல்லாரும் ஓட்டுப் போட்டோமேடி, பெர்னி. ஒருத்தி விடாம போட்டோமே."

"போட்டோம்க்கா," என்றேன்.

மிலன் என்னை நிமிர்ந்து பார்த்தார். பேச மூச்சில்லை. தலையை மட்டும் அசைத்தார், சரி என்பது போல. அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன்.

எங்கள் வீட்டிலிருந்து தண்டவாளம் ஐந்து வீடு. ரயில் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை நின்றது, பழுப்புப் பெட்டிகள், மேலே எழுதிக் கிறுக்கிய பெட்டிகள். குறுக்குக் கட்டை இறங்கி, மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பெட்டிகள் கோத்திருந்த இடைவெளியில் அந்தப் பக்கம் தெரிந்தது. ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது, சிவப்பு விளக்கு சுற்றியது. தோளில் ஆரஞ்சுப் பையோடு ஓர் இளம்பெண் இடைவெளிக்கு நேரே வந்து, பெட்டியின் படியில் ஒரு காலை வைத்தாள். அவளோடு வந்தவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே இழுத்தான். ரயில் எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது, ஏறினால் கால் போய்விடும், அவன் செய்தது நியாயம்தான். எவ்வளவு நேரம் ஆகும் என்று கத்தினேன். அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பையைக் கழற்றாமல், என்னைப் பார்த்தபடியே நின்றாள். இருபதடி தூரம்கூட இருக்காது, அவளுடைய மூச்சு குளிரில் புகையாக வருவது தெரிந்தது.

அப்போது எங்கேயோ வெகுதூரத்தில் என்ஜின் இழுத்தது. கொக்கிகள் ஒவ்வொன்றாக முறுகுகிற சத்தம் பெட்டி பெட்டியாக எங்களை நோக்கி வந்தது, எங்களைக் கடந்தது, வால் பக்கம் போய்த் தேய்ந்தது. என் முன்னால் இருந்த சக்கரம் ஒரு விரற்கடை உருண்டு நின்றது. பின்னால், என் வீட்டு வாசலில் இருந்து, ஆக்னஸ் அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். நான் திரும்பாமல் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.